எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு வந்த டாக்டர் சாமர்வெல்

நெய்யாற்றின்கரை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தென்கேரள சி.எஸ்.ஐ. பேராயம் 2002-இல் தொடங்கிய கல்லூரி அது. பாறசாலை, தனுவச்சபுரம் பக்கத்து ஜனங்கள் வாயில் அது காரக்கோணம் மெடிக்கல் காலேஜ். பெயர்ப்பலகையிலோ டாக்டர் சாமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரி என்று இருக்கும். அந்தச் சாமர்வெல் யார் என்று கேட்டால் வயதானவர்கள் சொல்வார்கள். இளைஞர்களில் பலருக்குத் தெரியாது.

எவரெஸ்ட் சிகரத்துக்கு ஆயிரம் அடி வரைக்கும் ஏறிய மனிதர் அவர். லண்டனில் பெரிய உத்தியோகம் கைக்கு எட்டிய நேரத்தில் அதை வேண்டாம் என்று விட்டு, தென் திருவிதாங்கூரின் ஒரு கிராம ஆஸ்பத்திரிக்கு வந்து கால் நூற்றாண்டு காலம் கத்தி பிடித்தவர். படித்த படிப்பை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது என்ற கேள்வி இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆகையால் அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

செருப்புக் கம்பெனிக் குடும்பம்

தியோடர் ஹாவர்ட் சாமர்வெல் 1890 ஏப்ரல் 16-ஆம் தேதி இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கெண்டால் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்தார் பெரிய அளவில் செருப்புத் தொழில் நடத்தியவர்கள். அவர்கள் தயாரித்த கே ஷூஸ் அந்த நாட்டில் பிரசித்தம். மகன் விரும்பியிருந்தால் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் கற்றார். படமும் வரைவார், சங்கீதத்திலும் நல்ல ஞானம். ஓய்வு கிடைத்தால் மலை ஏறப் போய்விடுவார்.

முதல் உலக யுத்தம் வந்தது. இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். 1916 ஜூலையில் சோம் நதிக்கரையில் நடந்த போரின் முதல் நாட்களில், அவர் வேலை செய்த முகாமில் காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து வெட்டவெளியில் கிடத்தினார்கள். டாக்டர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். யாரை முதலில் மேஜைக்குத் தூக்குவது, யாரை விட்டுவிடுவது என்று படுத்துக்கிடந்தவர்கள் நடுவே நடந்துகொண்டே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் உயிருக்கு மன்றாடுகிற நிலையிலும், பக்கத்தில் இருப்பவனை முதலில் பாருங்கள் என்று சைகை காட்டியவர்கள் பலர். அந்தக் காட்சி கடைசி வரை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. யுத்தம் என்றாலே அவருக்கு வெறுப்பு உண்டாயிற்று.

ஏழு கூலிகள்

யுத்தம் முடிந்ததும் மேற்படிப்பை முடித்து, 1920-இல் ரணசிகிச்சைக்கான எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். மலையேற்றத்தில் அவர் பெயர் பரவியிருந்ததால் 1922-இல் எவரெஸ்ட் செல்லும் பிரிட்டிஷ் குழுவில் இடம் கிடைத்தது. அந்த வருஷம் மே 21-ஆம் தேதி மாலரி, நார்ட்டன் என்ற இருவருடன் பிராணவாயுக் கருவி இல்லாமலே ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை எட்டினார். அதுவரை மனிதக் கால் பட்டிராத உயரம் அது.

ஆனால் ஜூன் 7-ஆம் தேதி மீண்டும் முயன்றபோது பனிச்சரிவு உண்டாகி, சாமான் தூக்கி வந்த 7 மலைக்கூலிகள் புதையுண்டு இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. இது சாமர்வெல்லை வாட்டியது. பெயரும் புகழும் தங்களுக்கு, சாவு மட்டும் அந்த ஏழைகளுக்கா என்று அவர் மனம் குமுறியது. இறந்தவர்களில் தங்களில் ஒருவரும் சேர்ந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தார்.

ஊர் திரும்பும் முன் இந்தியாவைப் பார்க்க வேண்டும் என்று தெற்கே பயணம் புறப்பட்டார். அப்படித்தான் திருவிதாங்கூரின் தென்கோடிக்கு வந்து சேர்ந்தார்.

நெய்யூர் வராந்தா

நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பாறசாலையில் ரயில் ஏறினால் குழித்துறை தாண்டி இரணியலில் இறங்கி எளிதாகப் போய்விடலாம். 1922-இல் இந்த வழியில் தண்டவாளமே கிடையாது. ரயில் வந்தது 1979-இல். எல்லைக்கோடும் அப்போது இல்லை. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் எல்லாம் ஒரே மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நெய்யாற்றின்கரை கேரளத்துடனும் மற்றவை சென்னை மாகாணத்துடனும் சேர்ந்தன.

லண்டன் மிஷன் சங்கம் 1838-லேயே நெய்யூரில் வைத்தியப் பணியைத் தொடங்கியிருந்தது. உள்ளூர் வாலிபர்களுக்கு மருத்துவம் கற்பித்துக் கிளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் வழக்கமும் 1860-களிலேயே ஏற்பட்டது. சாமர்வெல் வந்து பார்த்தபோது டாக்டர் பியூ என்பவர் ஏறக்குறையத் தனியாளாக அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தார். வராந்தாவிலும் முற்றத்திலும் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சில நாட்கள் அங்கேயே தங்கி ஆபரேஷன்கள் செய்தார்.

அந்த நாட்கள் அவரைத் திருப்பிவிட்டன. லண்டனில் அவருக்குக் காத்திருந்தது பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்தானம். அந்த இடத்துக்கு அவர் போகாவிட்டால், அதே தகுதி உள்ள வேறொருவர் மறுநாளே வந்து உட்காருவார். நெய்யூரிலோ அவர் போகாவிட்டால் அந்த வராந்தாவில் கிடப்பவர்களுக்கு வேறு ஆள் இல்லை. கணக்கு அவ்வளவுதான். இங்கிலாந்து போய் லண்டன் வேலையை மறுத்துவிட்டு, மிஷன் டாக்டராக 1923-இல் நெய்யூருக்கே திரும்பி வந்தார். வீட்டாரும் நண்பர்களும் எதிர்பார்த்த பாதை அதுவல்ல.

மறுபடியும் மலை

மலை ஆசை ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1924-இல் மீண்டும் எவரெஸ்டுக்கு அழைப்பு வர, நெய்யூரிலிருந்தே புறப்பட்டுப் போனார். அந்தப் பயணத்தில் 4 மலைக்கூலிகள் உயரமான முகாம் ஒன்றில் இறங்க வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். மாலரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் மேலே போனார்கள். ஆபத்தான பனிச்சரிவைக் குறுக்கே கடந்தவர் சாமர்வெல். கயிறு எட்டாமல் போகவே, தன் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்து, பனியில் ஊன்றிய கோடாரியில் சுற்றி, கையை நீட்டி அவர்களைப் பிடித்து இழுத்தார். நால்வரும் பிழைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் போன ஏழு உயிர்களுக்கு இது ஈடாகாது. ஆனாலும் அவருக்கு அது ஆறுதல்.

பிறகு ஜூன் 4-ஆம் தேதி நார்ட்டனும் அவரும் சிகரத்தை நோக்கி ஏறினார்கள். குளிர்காற்றில் சாமர்வெல்லின் தொண்டை புண்ணாகி, சுமார் 28,000 அடியில் நின்றுவிட்டார். நார்ட்டன் இன்னும் சிறிது ஏறித் திரும்பினார். இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்கு மூச்சே அடைத்துவிட்டது. பனியில் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தவர், கடைசி முயற்சியாக நெஞ்சைக் கைகளால் அழுத்தித் தள்ள, தொண்டையை அடைத்த சதைத் துண்டு வெளியே வந்து பிழைத்தார். மாலரியும் இர்வினும் 4 நாள் கழித்து மேலே போய்த் திரும்பவே இல்லை. 1922 குழுவினருக்காக ஒலிம்பிக் அமைப்பு வழங்கிய மலையேற்றப் பதக்கமும் அதே 1924-இல் அவருக்குக் கிடைத்தது. அவர் வந்து நின்றது நெய்யூர் ஆபரேஷன் மேஜையில்.

வயிற்று வலியும் வாய்ப்புற்றும்

1925-இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்ற பெண்மணியை மணந்தார். மூன்று ஆண் குழந்தைகள். குடும்ப வாழ்க்கையும் நெய்யூரிலேயே அமைந்தது. தலைமை ஆஸ்பத்திரி வேலையோடு கிளை ஆஸ்பத்திரிகளுக்கும் போய் ஆபரேஷன் செய்வது வழக்கம். கிறிஸ்தவ சமயப் பணிக்காக ஏற்பட்ட ஆஸ்பத்திரிதான் அது. ஆனாலும் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் எல்லாரும் வந்தார்கள். சாதி பார்த்துப் பொதுவழியில் நடக்கவிடாத காலம் அது. கோயில் நுழைவுப் பிரகடனமே 1936 நவம்பரில்தான் வந்தது.

மரச்சீனிக் கிழங்கை நம்பி வாழ்ந்த இந்தப் பகுதியில் குடற்புண் மிகுதி. வயிற்று வலி தாளாமல் சுருண்டு கிடப்பவர்களை வேலைக்கு ஆகாதவர்கள் என்று வீட்டாரே ஒதுக்கிவிடுவார்கள். எக்ஸ்ரே மூலம் புண் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைத்து, உணவு புண்ணைத் தொடாமல் போக வழி செய்யும் ஆபரேஷனில் சாமர்வெல் தேர்ந்தவர். அவரும் சக டாக்டர் ஆரும் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை 1936-இல் இங்கிலாந்தின் ரணசிகிச்சைப் பத்திரிகையில் எழுதினார்கள்.

இன்னொரு பெருநோய் வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதை நெய்யூர் டாக்டர்கள் முன்னமே கவனித்திருந்தார்கள். டாக்டர் பென்டால் 1908-இலும் டாக்டர் ஆர் 1933-இலும் இதுபற்றி எழுதினார்கள். கட்டிக்குள் ரேடிய ஊசிகளைச் செருகி வைத்து, அதன் கதிரால் புற்றைக் கரிக்கும் சிகிச்சை அக்காலத்தில் பெரிய நகரங்களுக்கே புதிது. அது இந்தக் கிராமத்தில் நடந்தது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்தது. நெய்யூர் வராந்தாவில் கண்ட உண்மை உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

கருவி பழசாகும், பலன் பழசாகாது

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமர்வெல் தம் வித்தையைத் துறந்துவிட்டுத் தொண்டு செய்ய வரவில்லை. லண்டனில் கற்ற அதே கத்தி, அதே எக்ஸ்ரே, அதே ரேடியத்தோடுதான் வந்தார். மாறியது இடம் மட்டுமே.

அவர் பேர்போன குடற்புண் ஆபரேஷனுக்கு இன்று அநேகமாகத் தேவை இல்லை. 1982-இல் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று கண்டுபிடித்து, 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் புண் ஆறிவிடுகிறது. ஆகவே சாமர்வெல் செய்தது வீண் என்று யாராவது சொல்வார்களா? அன்று வலி தீர்ந்து எழுந்து வயலுக்குப் போனவன் போனவன்தான். அவன் உழைப்பில் வளர்ந்த பிள்ளைகளின் பேரன்மார் இன்று நம்மோடு பஸ்ஸில் வருகிறார்கள்.

நம் எல்லைப்புறக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பேர் பாலிடெக்னிக், கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். நல்ல சம்பளம் வருகிறது. ஆனால், நான் செய்வதால் யாருக்கு என்ன லாபம் என்று இரவில் யோசிப்பவர்களும் உண்டு. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது; தங்கை கல்யாணமும் வீட்டுக் கடனும் சும்மா விடாது. சாமர்வெல் பணக்கார வீட்டுப் பிள்ளை. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் அவர் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்த வேலை எந்த இடத்தில் ஆளில்லாமல் கிடக்கிறது? பஞ்சாயத்து ஆஸ்பத்திரியில் பழுதாகி மூலையில் கிடக்கும் கருவியா, பென்ஷன் மனுவைக் கம்ப்யூட்டரில் பதியத் தெரியாமல் அலையும் கிழவியா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் அந்த இடத்தில் அது பெரிது.

வேலூரும் கடைசிக் காலமும்

1949-இல் சாமர்வெல் நெய்யூரை விட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1961 வரை ரணசிகிச்சை கற்பித்தார். ஒருவர் கையால் ஆகும் ஆபரேஷன்களுக்கு அளவு உண்டு. அவரிடம் கற்றவர்களின் கைகள் நாடெங்கும் போயின. பிறகு இங்கிலாந்து திரும்பினார். உலகின் பழமையான மலையேறுவோர் சங்கமான ஆல்பைன் கிளப் 1962-இல் அவரைத் தலைவராக்கியது. 1975 ஜனவரி 23-ஆம் தேதி, தம் 84-ஆம் வயதில், இங்கிலாந்தின் ஏரிகள் சூழ்ந்த ஆம்பிள்சைட் என்ற ஊரில் காலமானார்.

நெய்யூர் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையும் அங்கே தொடர்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் காரக்கோணத்தில் அவர் பெயரில் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கிறார்கள். அவர்களில் சிலராவது படிப்பை முடித்ததும், ஆளில்லாத ஆஸ்பத்திரி எது என்று விசாரித்துப் போவார்களானால், அந்தப் பெயர்ப்பலகைக்கு அர்த்தம் இருக்கும்.