விக்கா: ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி தொடங்கிய மதம் - யார் இந்த ஜெரால்டு கார்ட்னர்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சுமார் 74,000 பேர் தங்கள் மதம் 'பேகன்' என்று எழுதியிருந்தார்கள். தனியாக 'விக்கா' என்று எழுதியவர்கள் சுமார் 13,000 பேர். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் இயற்கையையும் வழிபடும் பல நவீன மரபுகளுக்கான பொதுப்பெயர்தான் பேகன். அதில் ரொம்பப் பிரபலமானது விக்கா.

இதைப் பின்பற்றும் பலர் தங்களைச் சூனியக்காரி, சூனியக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டதும் நமக்கு பில்லி, ஏவல், எலுமிச்சம்பழம் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்குச் சாத்தான் ஞாபகத்துக்கு வரும். இரண்டுமே இங்கே பொருந்தாது. அப்படின்னா இது என்ன? இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்டு கார்ட்னரின் கதையைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். அந்தக் கதையில் இலங்கை மலையகமும் வருகிறது.

மூச்சிரைப்பு காட்டிய வழி

கார்ட்னர் 1884 ஜூன் 13 அன்று லிவர்பூலுக்குப் பக்கத்தில் பிறந்தார். மர இறக்குமதி வியாபாரம் செய்த பணக்காரக் குடும்பம். பிள்ளைக்கு ஆஸ்துமா. குளிர் ஆகாது என்று, வளர்த்த தாதியோடு மதீரா, கேனரி தீவுகள் என வெப்பமான இடங்களுக்கு அனுப்பினார்கள். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய கிடையாது. பத்திரிகைகளைப் புரட்டித் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்தத் தாதி, இலங்கையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1900-ல் 16 வயது கார்ட்னரும் அவர்களோடு கப்பலேறி, மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பழகினார். தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் கொழுந்து பறித்த அதே மலைகள்தான். அவர் துரைமார் பக்கம் இருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

1908-ல் போர்னியோ, 1911-ல் மலாயா. முதலில் ரப்பர் தோட்டங்கள், 1920-களில் இருந்து அரசு வேலை, ஜொகூரில் சுங்க அதிகாரி. ஆனால் மனசு வேலையில் இல்லை. போர்னியோவில் பழங்குடிகள் ஆவிகளோடு பேசும் சடங்குகளைப் பார்த்தார். மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தி மீது அவருக்குப் பெரிய மோகம். அந்தக் கத்திகளுக்குச் சக்தி உண்டு என்ற நம்பிக்கைகளைத் தேடித் தேடிக் குறித்து, 1936-ல் மலாய் ஆயுதங்கள் பற்றிப் புத்தகமே போட்டார். ஆய்வாளர்கள் மதித்த புத்தகம் அது. பின்னாளில் விக்கா சடங்குகளில் கறுப்புப் பிடி போட்ட கத்தி முக்கியமான இடம் பிடித்தது. கிரிஸ் மோகத்தின் மிச்சம்தான் அது என்று நினைக்கிறவர்கள் உண்டு.

காட்டுக்குள் நடந்தது என்ன?

1936-ல் ஓய்வுபெற்று, மனைவி டோனாவுடன் இங்கிலாந்து திரும்பினார். உடம்பு தேற நிர்வாணக் குளியல் சங்கங்களில் சேர்ந்தார். 1938-ல் நியூ ஃபாரஸ்ட் காட்டை ஒட்டிய ஹைகிளிஃபில் குடியேறினார். அந்த வட்டாரத்தில் ஒரு ரகசியக் குழு இருந்தது, 1939 செப்டம்பரில் அது தனக்குத் தீட்சை கொடுத்தது என்பது கார்ட்னர் சொன்ன கதை. கற்காலத்திலிருந்து மறைவாகப் பிழைத்துவந்த மதத்தின் கடைசி ஆட்கள் இவர்கள் என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியல் அறிஞர் 1921-லேயே இந்தக் கருத்தைப் புத்தகமாக எழுதியிருந்தார். சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தின் பக்தர்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் பிறகு அதை முழுசாகத் தள்ளிவிட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கிறிஸ்தவர்கள், பக்கத்து வீட்டுச் சண்டையிலும் பீதியிலும் மாட்டிக்கொண்டவர்கள். பேகன்கள் நடுவே 90 லட்சம் பேர் எரிக்கப்பட்டதாக ஒரு கணக்கு ரொம்ப நாள் புழங்கியது. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது ஐரோப்பா முழுக்க சுமார் 40,000 முதல் 60,000 வரை. அதுவும் இங்கிலாந்தில் தூக்கில்தான் போட்டார்கள்.

1735-ம் ஆண்டின் சூனியச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. மந்திர சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கிய சட்டம் அது. 1944-ல்கூட ஹெலன் டங்கன் என்ற ஆவி ஊடகரை அதன்கீழ் சிறையில் தள்ளினார்கள். அதனாலோ என்னவோ, கார்ட்னர் 1949-ல் தன் சடங்குகளை ஒரு நாவலுக்குள் ஒளித்து, புனைபெயரில் வெளியிட்டார். 1951-ல் சட்டம் நீக்கப்பட்டது. 1954-ல் தன் பெயரிலேயே 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தை எழுதினார். முன்னுரை எழுதியவர் அதே மர்ரே.

சடங்குகளைத் திருத்தி எழுதிய பெண்

1953-ல் தீட்சை பெற்ற டோரீன் வேலியென்டே சாமர்த்தியசாலி. பழங்காலத்தது என்று கார்ட்னர் கொடுத்த சடங்கு நூலைப் படித்ததுமே, பல பகுதிகள் அலிஸ்டர் குரோலி என்ற மந்திரவாதி எழுதியவை என்று கண்டுபிடித்துவிட்டார். நேரில் கேட்டபோது கார்ட்னர் மழுப்பவில்லை. தனக்குக் கிடைத்தது துண்டு துண்டாகத்தான், இடைவெளிகளை நிரப்பினேன், முடிந்தால் நீயே நன்றாக எழுது என்று சொல்லிவிட்டார். அவரும் எழுதினார். இன்று விக்காவினர் உருகிச் சொல்லும் வழிபாட்டு வரிகளில் கணிசமானவை வேலியென்டே எழுதியவைதான்.

1957-ல் உறவு முறிந்தது. கார்ட்னர் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டே இருந்தார். அவை நிர்வாணச் சடங்கு, சாத்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டன. அடக்கி வாசிக்கச் சொன்னார் வேலியென்டே. கார்ட்னர் உடனே, தொன்றுதொட்டு வரும் சட்டங்கள் என்று ஒரு பட்டியலை நீட்டினார். வயதாகும் தலைமைப் பூசாரிணி இளையவளுக்கு இடம்விட வேண்டும் என்பது அதில் ஒன்று. வேலியென்டேவுக்கு அப்போது 35, கார்ட்னருக்கு 73. அவர் குழுவை விட்டு வெளியேறினார், நம்பிக்கையை விடவில்லை.

அந்தப் பத்திரிகைகள் ஒட்டிய முத்திரை இன்னும் போகவில்லை. சாத்தான் என்பது கிறிஸ்தவ மதத்துக்குள் வரும் பாத்திரம், விக்காவில் அவனுக்கு வேலையே இல்லை. அவர்கள் வணங்குவது ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புள்ள ஆண் தெய்வத்தையும். வருஷத்துக்கு எட்டு பருவத் திருவிழாக்கள். யாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது அடிப்படை நெறி. நிர்வாணம் கார்ட்னர் மரபில் உண்மைதான். அவர்கள் அதற்கு வைத்த பெயருக்கு 'வானமே ஆடை' என்று பொருள். சமணத்தின் 'திகம்பரர்' என்ற சொல்லும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ஆனால் எல்லாப் பேகன்களும் அப்படிச் செய்வதில்லை. குழுவில் சேராமல் வீட்டில் தனியாக விளக்கேற்றி வழிபடுபவர்கள் ஏராளம். வாசல் வாசலாகப் போய் ஆள் சேர்க்கும் வழக்கமும் கிடையாது. புத்தகம் படித்து, தானாகத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம்.

கார்ட்னர் 1964 பிப்ரவரி 12 அன்று கப்பல் பயணத்தில், காலை உணவு மேசையிலேயே மாரடைப்பில் இறந்தார். அடுத்த துறைமுகமான துனிஸில் அடக்கம் செய்தார்கள். 1999-ல் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன், விக்கா 20-ம் நூற்றாண்டில் பிறந்த மதம் என்று விரிவான ஆதாரங்களோடு நிறுவினார். பல பேகன்கள் கோபப்பட்டார்கள், இன்னும் பலர் அதை ஏற்றுக்கொண்டு வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். வேலியென்டே எப்போதோ அதைச் செய்துவிட்டார். பிரைட்டனில் அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் 2013-ல் நீல நினைவுப் பலகை வைத்தார்கள். அடுத்த வருஷம் ஹைகிளிஃபில் கார்ட்னருக்கும் ஒன்று வைத்தார்கள்.