ஒளியைக் கற்று எழுத்தைக் கண்ட ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்

ஓவியம் என்றதும் நம்மில் பலர் இரவிவர்மாவோடு நின்றுவிடுகிறோம். அவருக்குப் பின் தென்னாட்டு ஓவியத்தைப் புதிய பாதையில் செலுத்திய ஒருவர் நம் மலையடிவாரத்துக் கோயம்புத்தூரில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. கே. சி. எஸ். பணிக்கர் என்னும் அப்பெரியாரின் வாழ்வைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1911-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த பணிக்கர், கேரளத்தின் பொன்னானிப் பகுதியில் வளர்ந்தார். கால்வாயும் தென்னந்தோப்புமே அவருடைய முதல் ஆசிரியர்கள். பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார். ஆனால் குடும்பச் சுமை அவரைத் தந்தித் துறைக்கு அனுப்பியது. சில ஆண்டுகள் அங்கே உழைத்தபின், 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மீண்டும் மாணவராவது எளிய செயலன்று.

1850-இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளி, நெடுங்காலம் கைத்தொழில் பயிற்சிக்கே முதலிடம் தந்து வந்தது. 1929-இல் முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதனை ஓவியமும் சிற்பமும் தழைக்கும் இடமாக மாற்றினார். மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர், 1941 முதல் அங்கேயே ஆசிரியரானார்.

அவருடைய அக்கால நீர்வண்ண ஓவியங்களை விளங்கிக்கொள்ள, பிரான்சு நாட்டில் தோன்றிய இம்ப்ரஷனிசம் எனும் மனப்பதிவு ஓவியமுறையைச் சற்று அறிய வேண்டும். 1874-இல் பாரிஸ் நகரில் மோனே, ரெனுவார், பிசாரோ முதலியோர் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தினர். அதில் மோனே வைத்த சூரிய உதய ஓவியத்தின் பெயரைக் கொண்டு ஒரு விமர்சகர் கேலியாகச் சூட்டிய பெயரே பின்னர் அம்முறைக்கு நிலைத்துவிட்டது. 1841-இல் ஜான் ராண்டு என்பவர் கண்டுபிடித்த தகரக் குழாய், வண்ணத்தை வெளியிடங்களுக்கு எடுத்துச் செல்ல வழி செய்திருந்தது. எனவே அவர்கள் அறையை விட்டு வெயிலுக்கு வந்தனர். வண்ணங்களைப் பலகையில் குழைத்து மழுப்பாமல், சிறு சிறு தீற்றல்களாக அடுத்தடுத்து வைத்தனர். தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணிலேயே அவை கலந்து ஒன்றாகும். நிழலுக்குக் கறுப்பைப் பூசாமல் நீலத்தையும் ஊதாவையும் கையாண்டனர்.

இதன் உண்மையை எங்கள் பிக்கட்டித் தேயிலைச் சரிவிலேயே காணலாம். காலை வெயிலில் சில்வர் ஓக் மரத்தின் நிழல் தேயிலைமேல் விழும்போது அது கறுப்பாகவா இருக்கிறது? நீலம் தோய்ந்த கரும்பச்சையாக அல்லவா இருக்கிறது! வெயில் படாத இடத்திற்கும் வானத்து நீல ஒளி வந்து சேர்வதே காரணம். மஞ்சு வந்து மூடினாலோ, சில நிமிடங்களில் சரிவின் நிறமே வேறு. மாறிவிடும் அந்த ஒளியை மாறுமுன் பிடிக்கவே விரைந்த தீற்றல் தேவைப்பட்டது.

கேரள நீர்நிலைகளையும் கிராமங்களையும் தீட்டிய பணிக்கரின் தூரிகையில் அந்த விரைவும் ஒளியும் இருந்தன. நீர்வண்ணத்தில் வெள்ளைத் தாளே வெளிச்சம். அதை எங்கே பூசாமல் விடுவது என்பதே கலை. அதில் அவர் தேர்ந்தார், புகழும் பெற்றார். பின்னர் வான்கோ, கோகென் ஆகியோரின் அழுத்தமான வண்ணங்களும் அவரை ஈர்த்தன. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி இளைஞர்களுக்கு ஒரு மேடை அமைத்தார்.

1954-இல் ஐரோப்பா சென்று தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். அதன்பின் அவர் பாதை திரும்பியது. பிறர் கண்ட முறையில் எவ்வளவு தேர்ந்தாலும் நம் மண்ணின் மொழி அதில் எங்கே என்பதே அவர் முன் நின்ற வினா. கைவந்த முறையை விட்டு, நம் மரபில் வேரூன்றிய கோட்டின் பக்கம் சென்றார். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் புத்தகம் அவருக்குப் புதுவழி காட்டியது. 1963 முதல் மலையாள எழுத்துகள், கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டு சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார்.

இவை புரியவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அவை படிப்பதற்கான எழுத்துகளல்ல, பார்ப்பதற்கானவை என்பது என் கருத்து. கோயில் சுவரில் உள்ள பழைய கல்வெட்டை வாசிக்கத் தெரியாதவனும் அதன் அழகில் நின்றுவிடுவதில்லையா?

1957 முதல் 1967 வரை கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த அவர், மாணவர்கள் படிப்பை முடித்தபின் வயிற்றுக்காகக் கலையைக் கைவிடுவதைக் கண்டு வருந்தினார். வருந்தியதோடு நிற்கவில்லை. அவர் வழிகாட்ட, கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அப்பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. பகலில் ஒரு பொழுது கைவினை சோறு போட்டது. மறுபொழுது கலைக்கு உரியதாயிற்று. 1977 ஜனவரியில் பணிக்கர் மறைந்தார். அவர் நட்ட கிராமம் இன்றும் நிற்கிறது.

பிறரிடம் கற்பதில் இழிவில்லை. அரைகுறையாகக் கற்பதும், கற்றதிலேயே தங்கிவிடுவதுமே இழிவு. பணிக்கர் முழுதும் கற்றார், கற்றதைக் கடந்தார், கடந்தபின் பிறர் நிற்கவும் இடம் தேடித் தந்தார். கலைக்கல்லூரி மாணவராகிய நாம் அவரிடம் பெறத்தக்க பாடம் இதுவே.