புலியைப் பார்த்துப் படித்த சிற்பி

பரிசளிப்பு விழா என்றால், பெயர் கூப்பிடக் கூப்பிட மேடை ஏறும் பிள்ளைகளும் உண்டு. கடைசி வரைக்கும் கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளும் உண்டு. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. மிருகங்களை வெண்கலத்தில் வடித்துப் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி அந்துவான் லூயி பாரியின் வாழ்க்கைதான் அது. பெயரைக் கேட்டதும் முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளல் நினைவுக்கு வரலாம். இவர் வேறு பாரி!

1795-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பொற்கொல்லர். பதினான்கு வயது வாக்கிலேயே பாரி பட்டறைக்குப் போய்விட்டார். ராணுவ உடுப்புகளுக்கு உலோக அலங்காரம் செதுக்குகிறவரிடம் தொழில் பழகினார். 1812-இல் நெப்போலியனின் படைக்கு ஆள் எடுத்தபோது இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். போரெல்லாம் ஓய்ந்த பிறகு, 1818-இல் பாரிஸ் அரசுக் கலைக் கல்லூரியில் மாணவரானார்.

அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு 'ரோம் பரிசு' என்பதுதான் பெரிய கனவு. வென்றவர் அரசாங்கச் செலவில் ரோம் நகருக்குப் போய்ப் படிக்கலாம். பாரி பல முறை முயன்றார். 1820-இல் இரண்டாம் பரிசு வரை வந்தார். முதல் பரிசு மட்டும் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

வயிற்றுப்பாட்டுக்காக 1823-இல் ஒரு பொற்கொல்லர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சின்னச் சின்ன மிருக உருவங்கள் செய்யும் வேலை. சும்மா மனம்போன போக்கில் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பாரிஸ் தாவரத் தோட்டத்தில் இருந்த மிருகக்காட்சி சாலைக்குப் போனார். கூண்டின் முன்னால் நின்று புலி எப்படிப் படுக்கிறது, எப்படி எழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். அவருடைய நண்பர் ஓவியர் டெலக்ருவாவும் அங்கே வருவார். ஒரு முறை அங்கிருந்த சிங்கம் இறந்துபோனது. உடனே ஓடி வரும்படி டெலக்ருவா பாரிக்குச் சொல்லியனுப்பினார். இறந்த மிருகங்களின் எலும்பையும் தசையையும் அளந்து அளந்து குறித்து வைத்துக்கொள்வது பாரியின் வழக்கம். ரோமுக்கு அனுப்பாவிட்டால் என்ன? கூண்டுப் புலியே அவருக்கு வாத்தியார் ஆனது!

1831-இல் பாரிஸ் கலைக் கண்காட்சியில், கங்கை முதலையைக் கடித்துத் தின்னும் புலியின் உருவத்தை வைத்தார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இரண்டாம் நிலைப் பதக்கம் கிடைத்தது. 1833-இல் பாம்பை மிதிக்கும் சிங்கத்தை வைத்தார். பிறகு அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. நம் கோயில் உற்சவ மூர்த்திகளை வார்க்கிறார்களே, அதே மெழுகு முறைதான். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் காய்ச்சிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். அந்தச் சிங்கத்தை இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஆனால் சோதனை தீரவில்லை. ஓர்லேயான் இளவரசரின் விருந்து மேசையை அலங்கரிக்க வேட்டைக் காட்சிகள் செய்தார். யானைமேல் இருந்து புலி வேட்டையாடும் காட்சியும் அவற்றில் ஒன்று. 1837-இல் கண்காட்சி நடுவர்கள் இவற்றை ஏற்கவில்லை. இது பொற்கொல்லர் வேலை, சிற்பம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பாரி சண்டைக்குப் போகவில்லை. பல ஆண்டுகள் அந்தக் கண்காட்சிப் பக்கமே போகாமல், சொந்தமாக வார்ப்புப் பட்டறை வைத்தார். செல்வர் மாளிகை மட்டுமல்ல, நடுத்தரக் குடும்பத்து அலமாரியிலும் வைக்கத்தக்க சிறிய மான், சிங்கம், யானை உருவங்களை விலைப்பட்டியல் போட்டு விற்றார்.

வேலையில் கெட்டிக்காரர், வியாபாரத்தில் அப்படி இல்லை. 1848-இல் கடன் தலைக்கு மேல் ஏறியது. தம் கையால் செய்த மாதிரி உருவங்களும் அச்சுகளும் கடன் கொடுத்தவர் கைக்குப் போயின. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதருக்கு இது எவ்வளவு பெரிய அடி! ஆனாலும் உளியைக் கீழே போடவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் பாடுபட்டுக் கடனை அடைத்து, அச்சுகளை மீட்டுக்கொண்டார்.

1854-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவரை மிருக ஓவியப் பேராசிரியராக்கியது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சிற்பி ரொதேன் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். 1868-இல் பிரான்சின் கலைக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 1873-இல் அமெரிக்காவின் கார்கரன் கலைக்கூடத்துக்காக அவருடைய வெண்கலச் சிற்பங்கள் நூற்றுக்கு மேல் வாங்கப்பட்டன. 1875 ஜூன் 25-ஆம் நாள் பாரிஸிலேயே காலமானார்.

பெற்றோர்களே! பரிசு வாங்காத பிள்ளையை வீட்டிலே ஏசாதீர்கள். அவன் எதை உற்றுப் பார்க்கிறான், அவன் கை எந்த வேலையைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள். மாணவமணிகளே! பரிசு வாங்கினால் மகிழுங்கள்; வாங்காவிட்டால் துவளாதீர்கள். ரோம் பரிசை வென்ற பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அதை வெல்லாத பாரியின் சிங்கம் இன்னும் பாம்பை மிதித்துக்கொண்டு நிற்கிறது.