ஷாப்ட்ஸ்பரி பிரபுவும் எருசலேமும்

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு கற்றவர்களுக்கு ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் பெயர் புதியதல்ல. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்தும் புகைபோக்கிகளிலிருந்தும் ஆங்கிலேயச் சிறுவர்களை மீட்டெடுத்தவர் என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். அதே மனிதருக்கு எருசலேம் நகரின் பிற்கால வரலாற்றிலும் ஒரு பங்குண்டு என்பதைப் பாடநூல்கள் அதிகம் கூறுவதில்லை. பலஸ்தீனப் பிரச்சினையின் வரலாற்றை 1917ஆம் ஆண்டின் பல்போர் பிரகடனத்திலிருந்து தொடங்குவது எம் போன்ற பத்திரிகையாளரின் வழக்கமாகிவிட்டது. அப்பிரகடனத்திற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே பிரித்தானிய அரசியலில் அவ்விதை தூவப்பட்டிருந்தது.

அன்தனி ஆஷ்லி கூப்பர் 1801ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். செல்வத்துக்குக் குறைவில்லாத அவ்வீட்டில் அன்புக்குத்தான் பஞ்சம். தாயும் தந்தையும் பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்காத நிலையில், மரியா மிலிஸ் என்ற பணிப்பெண்ணே அவரை மடியிலிருத்தி வேதாகமக் கதைகளைக் கூறி, ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார். அவர் இறக்கும்போது சிறுவனுக்கென விட்டுச்சென்ற கைக்கடிகையைப் பிரபு தம் முதுமை வரை வேறெதற்கும் மாற்றிக்கொள்ளவில்லை. ஹரோ பாடசாலையில் கற்ற காலத்தில், குடிபோதையில் இருந்தவர்கள் ஓர் ஏழையின் சவப்பெட்டியைத் தெருவில் தவறவிட்டதைக் கண்டதே ஏழைகளின் பக்கம் தம் மனத்தைத் திருப்பியது என அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, 1826இல் பாராளுமன்றம் புகுந்தார். பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடிச் சுரங்கங்களில் வேலை செய்வதைத் தடுத்த 1842ஆம் ஆண்டுச் சட்டம் அவரது உழைப்பின் பயனே.

இத்தகையவரை எருசலேமின் பக்கம் இழுத்தது எது? அக்காலத்து ஆங்கிலேயப் புரட்டஸ்தாந்தரிடையே பரவியிருந்த ஒரு நம்பிக்கைதான். இஸ்ரவேலர் தமது தேசத்துக்கு மீண்டும் கூட்டிச் சேர்க்கப்படுவர் என்ற எசேக்கியேல் முதலான தீர்க்கதரிசிகளின் வாக்குகளை அவர்கள் உவமையாகக் கொள்ளாது, எழுத்துக்கு எழுத்து நிறைவேற வேண்டிய ஒன்றாகக் கொண்டனர். இஸ்ரவேலர் முழுவதும் ஈற்றில் இரட்சிக்கப்படுவர் என்ற பவுலின் போதனையையும் அதனோடு இணைத்தனர். யூதர் திரும்புவர், இயேசுவை மெசியாவாக ஏற்பர், கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நிகழும் என்பதே அவர்கள் கண்ட ஒழுங்கு. கிறிஸ்தவ திருச்சபைகள் அனைத்தும் இதை ஏற்றனவென்று எவரும் எண்ணிவிடக்கூடாது. தீர்க்கதரிசனங்கள் திருச்சபையிலேயே நிறைவேறிவிட்டன எனக் கொண்டோரே நெடுங்காலமாகப் பெரும்பான்மையினர். ஆயினும் ஷாப்ட்ஸ்பரிக்கு இது உயிரோடு கலந்த நம்பிக்கை. எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டும் சங்கீத வரியைப் பொறித்த மோதிரத்தை அவர் விரலில் அணிந்திருந்தார்.

நம்பிக்கை அரசியலாக மாறியதற்கு ஒரு திருமண உறவு உதவியது. அவரது மாமியார் விதவையான பின் 1839இல் மறுமணம் செய்துகொண்டவர் வேறு யாருமல்ல, வெளிவிவகார அமைச்சர் பாமர்ஸ்டன் பிரபு! எருசலேமுக்கு முதற்தடவையாக ஒரு பிரித்தானிய உப கொன்சல் 1838இல் நியமிக்கப்பட்டபோது ஷாப்ட்ஸ்பரி அடைந்த பூரிப்பை அவரது நாட்குறிப்பு காட்டுகின்றது. எகிப்தின் முஹம்மது அலி சிரியாவைக் கைக்கொண்டு சுல்தானை அச்சுறுத்திய 1840ஆம் ஆண்டில், யூதர்களைப் பலஸ்தீனத்தில் குடியேற்றும் யோசனையை அவர் பாமர்ஸ்டனிடம் முன்வைத்தார். தீர்க்கதரிசனத்தில் நாட்டமற்ற அமைச்சரிடம் அரசியல், வணிகம், நிதி ஆகியவற்றின் மொழியிலேயே பேச வேண்டியிருந்தது என்பதையும் அவரே எழுதி வைத்தார். அமைச்சருக்கோ வேறு கணக்கு இருந்தது. கத்தோலிக்கருக்குப் பிரான்சும் ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவருக்கு ரஷ்யாவும் காவலர் என உரிமை கோரிய ஒட்டோமன் இராச்சியத்தில் பிரித்தானியாவுக்கு மட்டும் கைப்பிடிக்க ஆளில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த தூதுவருக்குப் பாமர்ஸ்டனின் கடிதம் சென்றது. சுல்தானின் அரசு அதற்கு இணங்கவில்லை.

மறு ஆண்டு பிரஷ்யாவும் பிரித்தானியாவும் கூட்டாக எருசலேமில் ஓர் ஆயர் பீடத்தை நிறுவின. யூத ரபியாக இருந்து கிறிஸ்தவரான மைக்கல் சொலமன் அலெக்சாந்தர் அதன் முதல் ஆயரானார். யூதர்களை மதம் மாற்றவே இந்த ஏற்பாடு என்பதை எருசலேமின் யூத மதத் தலைவர்கள் உணர்ந்து கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானதென்றே நமக்குத் தோன்றுகின்றது. தம்மை நேசிப்பதாகக் கூறுபவர் தம் மார்க்கம் அற்றுப்போகும் நாளுக்காகவும் காத்திருக்கிறார் என்றால், அந்த நேசத்தை எவர்தான் முழுமனதுடன் வரவேற்பார்?

முரண்பாடு லண்டனிலும் வெளிப்பட்டது. 1847இல் லயனல் டி ரொத்சைல்ட் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, கிறிஸ்தவ விசுவாசத்தின்பேரில் சத்தியம் செய்யும் விதியைத் தளர்த்துவதை எதிர்த்தவர்களுள் ஷாப்ட்ஸ்பரியும் ஒருவர். யூதரின் அறிவாற்றலைப் புகழ்ந்துகொண்டே, கிறிஸ்தவ சட்டசபையில் அவர்களுக்கு இடமில்லை என்றார். சீயோனில் ஓர் அரசைக் கொடுக்கச் சித்தமாயிருந்தவருக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் ஆசனத்தைக் கொடுக்க மனமில்லை. பின்னர் அவர் மனம் நெகிழ்ந்தது உண்மை. மோசஸ் மொண்டிபியோருக்குப் பிரபு பட்டம் வழங்குமாறு 1868இல் கிளாட்ஸ்டனுக்கு எழுதினார். ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த கொடுமைகளைக் கண்டிக்க 1882இல் லண்டனில் கூடிய கூட்டத்தில், எண்பது வயதைத் தாண்டிய நிலையிலும் எழுந்து பேசினார்.

ஆனால் நெகிழாத ஒன்றிருந்தது. கிரிமியப் போருக்குச் சற்று முன்னர், 1853இல், பிரதமர் அபர்டீனுக்கு எழுதியபோது அவர் சிரியாவையும் பலஸ்தீனத்தையும் தேசிய இனமற்ற நாடாக வர்ணித்தார். நாடற்ற இனத்தை அங்கே பொருத்திவிடலாம் என்பது அவர் எண்ணம். நப்லஸில் சவர்க்காரம் காய்ச்சியோர், யாபாவில் தோடைத் தோட்டம் செய்தோர், ஒலிவ மரங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த முஸ்லிம், கிறிஸ்தவ விவசாயிகள் எவரும் அவரது வரைபடத்தில் இல்லை. சுரங்கத்தின் இருளிலிருந்த சிறுவனைக் கண்ட கண்களுக்கு, வெயிலில் நின்ற அந்த விவசாயி தென்படாமற் போனது ஏன் என்ற கேள்வியை நாம் தவிர்த்துச் செல்ல முடியவில்லை. தாம் நேரிற் பாராத அந்தத் தேசத்தை அவர் வேதாகமத்தின் பக்கங்களிலேயே அறிந்திருந்தார் என்பது அதற்கு ஒரு பகுதி விடையாகலாம்.

1885 ஒக்டோபர் முதலாந் திகதி அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டிற்கு லண்டனின் ஏழைகள் திரண்டு வந்தனர். அவரது நினைவாக 1893இல் பிக்காடிலி சந்தியில் எழுப்பப்பட்ட சிறகுள்ள சிலையை உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். அவர் ஆதரித்த சங்கம் 1849இல் திறந்த கிறிஸ்து தேவாலயம் எருசலேமின் யாபா வாசலுக்கு அருகே இன்றும் நிற்கின்றது.