மாதம் தவறாத பேனா

குடந்தையிலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருந்தால், குத்துவிளக்குக்குப் பெயர்போன நாச்சியார்கோயிலைக் கடந்திருப்பீர்கள். அவ்வூரிலே வளர்ந்த மர்ஹூம் பா. தாவூத்ஷா சாகிப் அவர்களின் வாழ்க்கையை இன்று நினைவுகூர்வோம். வீட்டிலும் தொழிலிலும் ஒழுங்கு வேண்டுமென்று தீர்மானம் பல செய்து, பத்தே நாளில் கைவிட்டுவிடும் நம்மனோர்க்கு அது சற்றுக் கூச்சத்தையும் தரக்கூடும்.

1885-இல் தஞ்சை மாவட்டத்துக் கீழ்மாந்தூரில் பிறந்த அன்னார், குடந்தையிலும் சென்னையிலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். முஸ்லிம் பிள்ளைகளில் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. தமிழையும் ஆழ்ந்து கற்றார். கம்பனைப் பற்றி மேடையேறிப் பேசும் அளவுக்குக் கற்றார். பின்னர் அரசுப் பணியில் சேர்ந்து, சப் மாஜிஸ்திரேட் பதவிக்கு உயர்ந்தார்.

ஒரு சாதாரணக் குடும்பம் இதற்குமேல் என்ன கேட்கும்? நிலையான சம்பளம், ஊரார் மதிப்பு, முடிவிலே ஓய்வூதியம். ஆனால் 1921-இல், ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய வேளையில், அப்பதவியை அவர் துறந்தார். நம் வீட்டில் ஒருவர் அப்படி வந்து நின்றால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்! மறு ஆண்டு இங்கிலாந்து சென்று, வோக்கிங் பள்ளிவாசலைச் சார்ந்து நடந்த மார்க்கப் பணியில் சிலகாலம் ஈடுபட்டுத் திரும்பினார்.

1923-இல் 'தாருல் இஸ்லாம்' இதழ் பிறந்தது. 1957 வரை, ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் அதை அவர் நடத்தினார். பத்திரிகை தொடங்குவது எளிது. அடுத்த இதழைக் கொண்டுவருவதே கடினம். கட்டுரை எழுத வேண்டும், அச்சுப்படி திருத்த வேண்டும், தாள் வாங்கக் காசு தேட வேண்டும், சந்தா அனுப்பாதவருக்கு நினைவூட்ட வேண்டும். இவ்வளவு நெருக்கடியிலும் தம் தமிழில் பிழை புகுவதை அவர் பொறுக்கவில்லை. எழுத்துப்பிழையைக் கண்டு சொல்லும் வாசகருக்குப் பரிசு உண்டென்றே அறிவித்தார். பிறர் குறை காண்பதற்குப் பரிசளிக்கும் துணிவு, தம் வேலையை நாள்தோறும் சரிபார்ப்பவருக்கே வரும்.

சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நம் காவிரிப் பாசனத்து உழவருக்கு இது புதிதன்று. நாற்றங்காலுக்கு இன்று பாய்ச்ச வேண்டிய தண்ணீரை அடுத்த வாரம் சேர்த்துப் பாய்ச்சிவிடலாம் என்று எந்த மிராசுதாரரும் நினைப்பதில்லை. குர்ஆன் ஓதுவதையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதையும் மட்டும் நாம் ஏனோ அப்படி ஒத்திப்போடுகிறோம்.

அவருடைய பாதை மலர் விரிப்பன்று. அருள்மறையின் பொருளை மக்கள் தமிழில் அறிய வேண்டும், ஜும்ஆப் பேருரை தமிழில் ஒலிக்க வேண்டும், பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்றெல்லாம் எழுதியதால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவர் கருத்துகள் யாவற்றையும் எல்லாரும் ஏற்றதில்லை, இன்றும் ஏற்பதில்லை. எனினும் எதிர்த்தவர்களும் அவ்விதழை வாங்கிப் படித்தே எதிர்த்தனர் என்பது சுவையான செய்தி.

திருமறைக்குத் தமிழில் பொருளும் விரிவுரையும் எழுதும் பணியை முதுமையிலும் அவர் விடவில்லை. 1969 பிப்ரவரியில், தம் எண்பத்து மூன்றாம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில் பழைய 'தாருல் இஸ்லாம்' தொகுதி ஏதேனும் கிடந்தால், கரையான் முந்திக்கொள்ளுமுன் எடுத்துத் தூசு தட்டுங்கள். ஒரு பக்கத்தையேனும் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழை தேடவும் சொல்லுங்கள்.