அறிஞர் அம்பேத்கரும் அவருக்குத் துணை நின்றோரும்

ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துள் காலடி வைக்கும் பிள்ளைக்கு அறிவும் உழைப்பும் மட்டும் போதுமானவை அல்ல. எத்துறையைத் தெரிவு செய்வது, பணத்துக்கு எவரை நாடுவது, இடையில் தடை நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பவற்றை அவ்வீட்டில் எவரும் அறிந்திரார். அறிந்த ஒருவர் அப்பிள்ளையின் அருகில் நிற்க வேண்டும். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவராக நாம் அறிந்துள்ள டாக்டர் பீமராவ் அம்பேத்கரின் மாணவப் பருவம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைநகரிற் பிறந்தார். தந்தையார் ராம்ஜி படைத்துறைப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்த பீமராவ் இளமையிலேயே தாயை இழந்தார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மகர் குலத்தினர் என்பதால், சதாராவிற் கற்ற காலத்தில், வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்கின் மீதே அவர் வகுப்பில் அமர வேண்டியிருந்தது. தாகம் எடுத்தாற் குழாயைத் தம் கையாலே தொட முடியாது. பாடசாலைப் பணியாள் திறந்து விட்டாலன்றி நீர் இல்லை.

பின்னர் குடும்பம் பம்பாயில் ஒற்றை அறையிற் குடியேறியது. பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைப்பதற்காகத் தந்தையார் அதுவரை விழித்திருப்பாராம். மகன் விரும்பிய நூல்களை வாங்கக் கையிற் பணமில்லாத போது, மணமாகிச் சென்ற புதல்வியரிடம் நகையை இரவல் பெற்று அடகு வைத்தார். எனினும் கல்லூரிக்கு வழி தேடுவது அவருடைய ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது.

அந்த வழியைக் காட்டியவர் தந்தையாரின் நண்பர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். ஆசிரியராகவும் மராத்தி எழுத்தாளராகவும் விளங்கிய அப்பெரியார் அக்குலத்தைச் சேர்ந்தவர் அல்லர். பீமராவ் பள்ளிப் பரீட்சையொன்றிற் சித்தியடைந்தபோது ஊரார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று தந்தையார் மறுத்தார். கேளுஸ்கரே அவரை இணங்கச் செய்து, கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனுக்குப் பரிசளித்தார்.

அவருடைய துணை அத்துடன் முடியவில்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்றபோது தந்தையாரின் கையிருப்பு வற்றியது. படிப்பு நின்றுவிடும் நிலையிற் கேளுஸ்கர் மாணவரைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகம் செய்து வைத்தார். மாதம் 25 ரூபா புலமைப்பரிசில் கிடைத்தது. 1912இல் அம்பேத்கர் பட்டதாரியானார். அடுத்த ஆண்டு தந்தையார் காலமானார். அதே ஆண்டில் மன்னரின் உதவியுடன் நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே செலிக்மன், டூயி போன்ற பேராசிரியர்களிடம் கற்று, 1915இல் முதுமாணிப் பட்டம் பெற்று, 1916இல் இலண்டன் சென்றார்.

1917இற் புலமைப்பரிசிற் காலம் முடிவடையவே, இலண்டனில் ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்ப நேரிட்டது. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு வந்தார். உடன்படிக்கையின்படி பரோடாவிற் பணியேற்றபோது, அந்நகரில் அவருக்குத் தங்க இடமளிப்பார் இல்லை. அலுவலகப் பணியாளர் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை மேசை மீது எறிந்தனர். பெரும் பட்டங்களும் அவரைக் காக்கவில்லை. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாய்க் கல்லூரியொன்றிற் பேராசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவும் பார்சி நண்பர் ஒருவரும் உதவ, 1920இல் இலண்டன் திரும்பி, 1923இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

தமக்குக் கிடைத்த துணை பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. அவர் தொடங்கிய சங்கம் 1925இற் சோலாப்பூரில் ஏழை மாணவர்களுக்கு விடுதி அமைத்தது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் உயர்கல்வி கற்க ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபா அரசிடமிருந்து பெற்றுக் கொடுத்தார். 1945இல் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1946இற் பம்பாயிலும் 1950இல் ஔரங்கபாத்திலும் கல்லூரிகளைத் திறந்தது. பம்பாய்க் கல்லூரிக்கு இட்ட பெயர் சித்தார்த்தா. சிறு வயதிற் கேளுஸ்கர் அளித்த நூலின் நாயகர் பெயரன்றோ அது! 1956 ஒக்டோபரில் அவர் பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாறு எமக்கும் உரியது. இந்நாட்டிற் குடியேறிய எம்மிற் பலர் பல்கலைக்கழகம் செல்லாதவர்கள். தாயகத்திற் பட்டம் பெற்றோருக்கும் இங்குள்ள விண்ணப்ப முறையும் உதவித்தொகை வழிகளும் புதியவை. திறமை இருந்தும் திசை தெரியாமல் நின்றுவிட்ட பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். ராம்ஜியைப் போல விழித்திருக்கும் பெற்றோர் எம்மிடையே நிறைய உண்டு. கேளுஸ்கர்களே போதாது.

அன்பான மூத்த மாணவர்களே! இப்பள்ளியிற் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த நீங்கள், அடுத்து வரும் தம்பி தங்கையரோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து விண்ணப்பப் படிவத்தை விளக்குங்கள். நீங்கள் படித்து முடித்த நூல்களைக் கொடுங்கள். முதலாண்டில் அவர்கள் தடுமாறும்போது விசாரியுங்கள். பெற்றோரே, தெரியாததைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இளைய மாணவர்களே, துணை தேடுவது குறைவன்று. அறிஞர் அம்பேத்கரும் பிறர் கைபிடித்தே ஏறினார். ஏறிய பின்பு, கீழே நின்றோருக்குத் தம் கையை நீட்டினார். நாமும் அவ்வாறே செய்வோமாக.