மந்திரி கொடுத்த விருந்து

மந்திரி வீட்டு விருந்துக்கு மன்னர் வந்தார். 19-வது நாள் மந்திரி கைதானார்!

அவர் பெயர் நிக்கோலா பூக்கே. பிரான்சு நாட்டின் நிதி மந்திரி. வயது 46.

1661-ம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் மந்திரி மசாரின் இறந்தார். அந்த இடம் தனக்கே என்று பூக்கே நம்பினார். ஆனால் 22 வயது மன்னர் 14-ம் லூயி, இனி முதல் மந்திரியே கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

பூக்கே மோசடி செய்கிறார் என்று கோல்பேர் என்ற அதிகாரி மன்னரிடம் சொல்லி வந்தார். அரசுப் பணமும் பூக்கேயின் பணமும் கலந்து கிடந்தது உண்மைதான். அவரை ஒழிக்க மன்னர் முடிவு செய்தார்.

ஒரு தடை இருந்தது. பூக்கே பாரீஸ் உயர் நீதிமன்றத்தின் தலைமை அரசு வக்கீலாகவும் இருந்தார். அதனால் அந்த நீதிமன்றம்தான் அவரை விசாரிக்க முடியும். அங்கே அவருக்கு நண்பர்கள் அதிகம். பதவியை விற்றுவிடும்படி அவரைத் தூண்டினார்கள். அக்காலத்தில் பதவியை விலைக்கு விற்கலாம்! பூக்கே விற்றார். அதில் 10 லட்சம் லிவர் பணத்தை மன்னருக்கே கொடுத்தார். பாவம், தன் கவசத்தைத் தானே கழற்றிவிட்டார்.

ஆகஸ்டு 17-ந் தேதி, வோ என்ற ஊரில் கட்டிய புது மாளிகையில் விருந்து. நீரூற்றுகள், மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை! அப்படி ஒரு தோட்டம் அப்போது மன்னருக்கே கிடையாது.

செப்டம்பர் 5-ந் தேதி மன்னருக்கு 23-வது பிறந்த நாள். அன்று நாந்து நகரில், ஆலோசனைக் கூட்டம் முடிந்து வெளியே வந்த பூக்கேயைத் தார்த்தஞான் என்ற வீரர் கைது செய்தார்.

வழக்கு 3 ஆண்டு நடந்தது. 9 நீதிபதிகள் மரண தண்டனை என்றனர். 13 பேர் நாடு கடத்தினால் போதும் என்றனர். மன்னருக்கு அது போதவில்லை. ஆயுள் சிறையாக மாற்றினார். 1680-ல், ஆல்ப்சு மலைப் பக்கத்துக் கோட்டைச் சிறையில் பூக்கே இறந்தார்.

வோ மாளிகையைக் கட்டியவர், ஓவியம் தீட்டியவர், தோட்டம் அமைத்தவர் மூவரையும் மன்னர் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். வெர்சேல்ஸ் அரண்மனை வேலையை அவர்களிடம் ஒப்படைத்தார்.